தூங்கும் படுக்கை

நமது கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு ஆசிரியர் பணித்தபோது, எப்பொருளைப் பற்றி எழுதுவது என்று சில நாள் மயங்கினேன். இலக்கிய ஆராய்ச்சிக்கு நான் தகுதியுடையேன் அல்லேன். இக்கல்லூரியில் நான் பயின்றது பௌதிகம். தூர தேசங்களுக்குப் பிரயாணம் செய்து கண்ட புதுமைகளும் என்னிடம் இல்லை. ஆயினும், சென்ற சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்திய இரவு, கோரிப்பாளையத்திலுள்ள எங்கள் வீட்டில் 17 பேர் படுத்துறங்க வேண்டியதாயிற்று. பாய் விரிக்க இடம் இருந்ததோ 13 பேருக்கே. எஞ்சிய நால்வரை எங்கே கிடத்துவது என்று என் மனைவி என்னை நோக்கினாள். எனக்குக் கப்பல் நினைவு வந்தது. அந்நினைவையே இங்கு எழுதத் துணிந்தேன்.

கோரிப்பாளையத்தை நம் மாணவ நண்பர்க்கு நான் விவரித்தல் மிகையாகும். வையையின் வடகரையில், தர்காவையடுத்த சந்துகளில் ஒன்றில், எங்கள் பழைய வீடு இருந்தது. நம் கல்லூரி 1909ஆம் ஆண்டில் பசுமலையினின்று இக்கரைக்கு வந்தபோதே அவ்வீடு இருந்தது என்று பாட்டியார் கூறுவார். ஒரு கூடம், ஓர் அறை, அடுக்களை, கிணற்றையொட்டிய ஒரு தாழ்வாரம், அவ்வளவே. கூடத்தின் மேலே மூன்று தேக்கு உத்தரங்கள் நெடுக ஓடின. அவற்றில் இரும்புக் கொக்கிகள் ஆறு அறையப்பட்டிருந்தன. விருந்தாக வருபவர் அவற்றைக் கண்டு, இவ்வீட்டில் ஒரே சமயத்தில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று வியப்பதுண்டு. அவை குழந்தைகளுக்காக அறையப்பட்டவை அல்ல. என் பாட்டனாருக்காக அறையப்பட்டவை.

பாட்டனார் 1942ஆம் ஆண்டில், தமது 20ஆம் பிராயத்தில், மணமாகி ஓராண்டு நிறைவதற்குள், கடற்படையிற் சேர்ந்தார். அக்காலத்தில் அதற்கு ராயல் இந்தியன் நேவி என்று பெயர். கடலை அதற்கு முன் அவர் கண்டதேயில்லை. வையையில் வெள்ளம் வந்ததை நாலைந்து முறை கண்டிருந்தார். அவர் பணியாற்றிய கப்பல்களுள் ஒன்று ‘காவேரி’. ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு 1943ஆம் ஆண்டில் கடலுக்கு வந்த சிறு போர்க்கப்பல் அது. தமிழ்நாட்டு ஆற்றின் பெயர் தாங்கிய கப்பலில் தமிழ்ப் பேச்சுக்குப் பஞ்சம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். பின்னர் அவர் ‘டெல்லி’க்கு மாற்றப்பட்டார். 1939ஆம் ஆண்டில் ரிவர் பிளேட் முகத்துவாரத்தில் ஜெர்மானியக் கப்பலை எதிர்த்துப் பொருத ‘அக்கிலீஸ்’ என்னும் பெருங்கப்பலே 1948ஆம் ஆண்டில் நம் நாட்டினரால் விலைக்கு வாங்கப்பட்டு ‘டெல்லி’ ஆயிற்று. 1956ஆம் ஆண்டில் அப்போரைப் பற்றிய சினிமாப் படம் வெளிவந்தபோது, ‘அக்கிலீஸ்’ ஆக நடித்ததும் அக்கப்பலே. அப்படம் மதுரைக்கு வந்த சமயம் பாட்டனார் மும்முறை சென்று பார்த்தாராம். கதாநாயகர் யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

1957ஆம் ஆண்டில் அவர் பணியினின்று விலகி வீடு திரும்பியபோது கொணர்ந்தவை ஒரு தகரப் பெட்டியும் ஒரு கித்தான் சுருளுமே. கழிக்கப்பட்ட பழைய சாமான்களோடு அதனை விலைக்கு வாங்கியதாக அவர் சாதிப்பார். பாட்டியார் அதை ஒருபோதும் நம்பியதில்லை. அச்சுருளை மாலுமிகள் ‘ஹாமக்’ என்பர். பாட்டனார் வாயில் அஃது ‘ஆமாக்கு’ ஆயிற்று. நாங்கள் அனைவரும் அவ்வாறே வழங்கினோம். நானும் இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவேன்.

அதன் அமைப்பு மிக எளியது. ஆள் நீளமுள்ள கித்தான் துண்டு ஒன்று. அதன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையினின்றும் ஒரு மெல்லிய கயிறு புறப்பட்டு, எல்லாம் ஓர் இரும்பு வளையத்திற் சென்று கூடும். வளையத்தினின்று ஒரு தடித்த கயிறு மேலே உள்ள கொக்கிக்குப் போகும். தலைமாட்டுக் கயிறுகளுக்கு இடையே இருமுனையும் வெட்டுவாய் இட்ட ஒரு குச்சியை நுழைத்துவிட்டால், துணி தோளை நெருக்காது அகன்று நிற்கும். உள்ளே ஒரு மெல்லிய மெத்தையும் கம்பளியும் இடுவர். விடியலில் மெத்தையோடு சேர்த்துச் சுருட்டி, ஒரே கயிற்றால் ஏழு முடிச்சிட்டு இறுக்கிக் கட்டி, அதற்குரிய இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதன்பின் அங்கே இரவில் ஒருவன் படுத்திருந்தான் என்பதற்கு மேலே உள்ள கொக்கியன்றி வேறு சாட்சி இராது. செவ்வனே இறுக்கிக் கட்டிய சுருள் சிறிது நேரம் நீரில் மிதக்கும் என்றும், கப்பல் மூழ்கும் காலத்து அதைத் தழுவிக்கொள்ளலாம் என்றும் பாட்டனார் சொல்வார். எனவே முடிச்சு தளர்ந்திருந்தால் தண்டனை உண்டு.

கப்பலில் இத்தகைய படுக்கை ஏன் வேண்டியதாயிற்று என்பதை அறிய, கீழ்த்தளத்தின் நெருக்கடியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். உண்ணும் மேசையும் அமரும் விசிப்பலகையும் துணிப்பெட்டியும் இருந்த அதே இடத்தில்தான் மாலுமிகள் உறங்கவும் வேண்டும். தரையில் இடமில்லை, ஆனால் தலைக்கு மேலே இடம் வெறிதே கிடந்தது. மேசையின்மேல் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவன் தலைக்கு நேரே மற்றொருவன் உறங்குவான். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பாய்க்கப்பற் காலத்தில் ஒவ்வொரு மாலுமிக்கும் ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். அதாவது ஒரு முழத்திலும் குறைவு. அத்தனை குறுகலில் மனிதன் எங்ஙனம் படுப்பான்? அதற்கும் ஓர் உபாயம் இருந்தது. மாலுமிகள் இரு கூறாகப் பிரிந்து மாறி மாறிக் காவல் செய்தனர். காவலுக்குரிய கூறும் உறக்கத்திற்குரிய கூறும் ஒருவர் விட்டு ஒருவராகக் கட்டிக்கொண்டால், பக்கத்திலுள்ளவன் மேல்தளத்திற்குப் போனவுடன் அவனுடைய 14 அங்குலமும் இவனுக்குச் சேரும். இரண்டு மனிதர், ஓர் இடம், இரண்டு வேளை. விடுதியில் மின்விசிறியின் கீழ் இடத்திற்காகப் போரிடும் நண்பர்கள் இக்கணக்கைச் சிந்திப்பார்களாக.

இப்படுக்கையைக் கண்டுபிடித்தவர் ஐரோப்பியர் அல்லர். கொலம்பஸ் 1492ஆம் ஆண்டில் மேலைக் கடல் தீவுகளை அடைந்தபோது, அங்குள்ள மக்கள் பருத்தியாற் பின்னிய வலைகளை இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டி உறங்குவதைக் கண்டார். அவர்கள் அதற்கு வழங்கிய பெயரே ஸ்பானிய மொழியிற் புகுந்து ‘ஹமாக்கா’ ஆயிற்று. டச்சுக்காரர் அச்சொல்லைத் தம் மொழிச் சொல்லாகவே கருதி, ‘தொங்கும் பாய்’ என்னும் பொருள்படத் திரித்துக்கொண்டனர். ஆங்கிலக் கடற்படை 1597ஆம் ஆண்டில் இதனை முறைப்படி ஏற்றது. அதுவரை ஆங்கில மாலுமிகள் ஈரத்தளத்திற் கிடைத்த மூலைகளில் முடங்கினர்.

நிற்க. இவ்விஷயத்தில் நம் தமிழ்மொழி ஒரு விந்தையைத் தன்னுள் வைத்திருக்கின்றது. இன்று நாம் ‘தூங்கினான்’ என்றால் உறங்கினான் என்றே பொருள்கொள்கின்றோம். பழந்தமிழில் தூங்குதல் என்பது தொங்குதல், அசைந்தாடுதல். வானத்தில் தொங்கிய கோட்டையைத் ‘தூங்கெயில்’ என்றனர். தொங்கும் கூடு கட்டும் பறவை இன்றும் தூக்கணாங்குருவிதான். தொங்குதலுக்கும் உறங்குதலுக்கும் ஒரே சொல்லை வழங்கும் மக்கள், ஒவ்வொரு மகவையும் தாயின் பழஞ்சேலையில் தூளி கட்டி வளர்த்தவர்கள். தூளியிலிருந்தே இச்சொல் பொருள் மாறியது என்று நான் சாதிக்க வரவில்லை. மொழிநூல் வல்லார் என்னை மன்னிப்பார்களாக. ஆனால் பாட்டனார் மொழிநூல் அறியாதவராகையால், “நம்மவன் பிறந்தவுடன் படுப்பதை வெள்ளைக்காரன் மீசை முளைத்தபின் படுத்தான்” என்று தயக்கமின்றிச் சொல்வார்.

பாட்டியாருக்கு இப்பேச்சு அறவே பிடிக்காது. தூளி குழந்தைக்கு உரியது. தூளியினின்று இறங்கித் தரைக்கு வந்தவன் மீண்டும் அதில் ஏறலாகாது என்பது அவருடைய சித்தாந்தம். மேலும், வளர்ந்த மனிதன் உத்தரத்திற் கட்டிய கயிற்றில் தொங்குவது என்னும் காட்சி அவருக்கு வேறொன்றை நினைவூட்டியது. அதை அவர் வாயாற் சொல்லார். விளக்கு வைத்த பின் கயிற்றைத் தொடாதே என்று மட்டும் சொல்வார். பாட்டனார் விளக்கு வைப்பதற்கு முன்னரே கட்டிவிடுவார். இங்ஙனம் 33 ஆண்டுகள் கழிந்தன.

சித்திரைத் திருவிழா நாளில் மாத்திரம் பாட்டியார் இக்கொள்கையைத் தளர்த்திக்கொள்வார். மேலூர்ப் பக்கத்து உறவினர் அனைவரும் எதிர்சேவைக்கு வந்து, எங்கள் வீட்டில் இரவு தங்கி, விடியுமுன் ஆற்றுக்குப் போவது வழக்கம். ஒரு வண்டி வந்து நின்றால் ஒன்பது பேர் இறங்குவர். பெண்டிரும் முதியோரும் கூடத்துத் தரையிற் படுப்பர். ஆடவர் திண்ணையிலும் சந்திலும் படுப்பர். சிறுவர் கூட்டம் மிகும். அப்போது பாட்டனாருக்கு முகம் மலரும். தம்முடைய ஆமாக்கைக் கட்டுவார். பாட்டியாரின் பழஞ்சேலைகளை நாலாக மடித்து இன்னும் இரண்டு கட்டுவார். கீழே அத்தைமார் படுத்திருக்க, மேலே மூன்று படுக்கைகளில் நாங்கள் ஆறு சிறுவர், தலையும் காலும் மாற்றி, புளியம்பழம்போற் கிடப்போம். விளக்கை அணைத்ததும் பாட்டனார் கப்பலில் இரவு மணியடிப்பதுபோல் நாவால் ஓசை செய்வார். அதன்பின் யாரும் பேசலாகாது.

அத்தகைய ஓர் இரவில் நிகழ்ந்த விபத்தொன்றை இங்குச் சொல்லவேண்டும். என்னிலும் மூத்தவரான அத்தை மகன் ஒருவர், படுக்கை குழிந்திருந்தால் முதுகு வளைகின்றது என்று கருதி, பாட்டனார் அறியாமல் கயிற்றை இழுத்து இறுக்கி, கட்டிற்போல் நேராக்கிவிட்டார். அன்றிரவு இரண்டாம் சாமத்தில் கொக்கி உத்தரத்தினின்று பிடுங்கிக்கொண்டது. அவர் விழுந்த இடத்திற் படுத்திருந்தவர் எங்கள் பெரிய அத்தை. எலும்பு ஒன்றும் முறியவில்லை; ஆனால் அத்தை எழுப்பிய கூக்குரலால், அழகர் இறங்கிவிட்டார் என்று கருதிச் சந்திற் படுத்திருந்தோர் எழுந்து கூப்பிய கையோடு ஓடிவந்தனர்.

பாட்டனார் சினம் கொள்ளவில்லை. மறுநாள் என்னையும் அவரையும் நிறுத்தி, ஒரு கயிற்றின் நடுவிற் செங்கல்லைத் தொங்கவிட்டுக் காட்டினார். கயிறு நன்கு தாழ்ந்திருக்கும்போது செங்கல்லைத் தாங்குவது எளிதாயிருந்தது. கயிற்றை நேராக்க நேராக்க, எங்கள் கை நடுங்கியது. முற்றும் நேராக்க எங்களால் இயலவேயில்லை. பின்னாளில் இக்கல்லூரியின் பௌதிக வகுப்பில் விசைகளின் கூட்டலைப் பயின்றபோது அச்செங்கல் என் கண்முன் தொங்கியது. கயிறு கிடைமட்டத்தினின்று 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு கொக்கியும் படுத்தவனுடைய எடை முழுவதற்கும் ஈடான இழுப்பைத் தாங்குகின்றது. 10 பாகையாகக் குறைத்துவிட்டால் அவ்விழுப்பு ஏறத்தாழ மும்மடங்காகின்றது. குழிந்திருந்தால் முதுகு வளையுமே என்பாருக்கும் பாட்டனார் விடை வைத்திருந்தார். நேர்க்கோட்டிற் படாமல் மூலைவாட்டிற் படுக்கவேண்டும். தலை ஒரு பக்கம், கால் மறு பக்கம். அப்போது துணி விரிந்து முதுகைச் சமமாக ஏந்தும். ஐயமுடையோர் பரீட்சித்துப் பார்க்கலாம்.

இனி, இக்கட்டுரையில் நான் எழுத விரும்பாததும், எழுதாவிடின் பயனற்றதுமான பகுதிக்கு வருகின்றேன்.

1990ஆம் ஆண்டில் நான் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுதி நண்பர்கள் சிலர் ஒருநாள் என் வீட்டிற்கு வந்தனர். நடுப்பகல். கூடத்தில் பாட்டனார் ஆமாக்கில் உறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் வெளியே தொங்கியது. நண்பருள் ஒருவர் என் காதோடு, “உங்கள் தாத்தாவுக்குத் தாலாட்டுப் பாடுவது யார்? நீயா?” என்றார். மற்றவர் நகைத்தனர். நானும் நகைத்தேன். அந்நகைப்பு இன்றுவரை என் தொண்டையிற் கிடக்கின்றது.

அவ்வாண்டின் இறுதியில் பழைய வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளமிட்டுக் கட்ட என் தந்தையார் தொடங்கினார். உத்தரங்கள் கறையான் பட்டிருந்தமையால் அது தவிர்க்கவொண்ணாததே. தளம் வார்க்கும் நாளன்று காலை தந்தையார் சிமெண்டு வாங்கச் சென்றிருந்தார். கொத்தனார் மேலிருந்தபடியே என்னை அழைத்து, “தம்பி, கூடத்தில் விசிறிக்கு ஒரு கொக்கி விடுகிறேன். பெரியவருக்கு முன்போல் இரண்டு சேர்த்து விடட்டுமா?” என்று கேட்டார்.

பாட்டனார் அவ்வமயம் எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் செவியில் அவ்வினா விழுந்ததோ இல்லையோ, நான் அறியேன். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. “ஒன்று போதும்” என்றேன்.

இரண்டு இரும்புத் துண்டுகள். அவற்றின் விலை அன்று பத்து ரூபாயும் இராது.

புதுவீட்டில் பாட்டனாருக்கு இரும்புக் கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் வாங்கினோம். பாட்டியார் உள்ளம் மகிழ்ந்தார். பாட்டனாரும் குறையொன்றும் கூறவில்லை. கித்தானை ஏழு முடிச்சிட்டுக் கட்டிப் பரணில் வைத்தார். ஆனால் இரவில் அவர் உறங்கவில்லை. நான் பாடம் படித்துவிட்டு நள்ளிரவில் எழுந்தால், அவர் கட்டிலின் விளிம்பை இருகையாலும் பற்றியபடி உட்கார்ந்திருப்பார். ஏன் தாத்தா என்றால், “கட்டில் ஆடுகிறதடா” என்பார். கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் அட்டை வைத்துப் பார்த்தேன். தளத்தின் மட்டத்தைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். கட்டில் ஆடவில்லை. முதுமையில் அறிவு தளர்ந்தது என்று முடிவு செய்தோம். அவருக்கு அப்போது 68 பிராயம். கணக்கு வழக்கிலோ பேச்சிலோ தளர்ச்சி சிறிதும் இல்லை என்பதை நாங்கள் ஆராயவில்லை. பின்னர் அவர் திண்ணையிற் சாய்ந்து உறங்கப் பழகிக்கொண்டார். 1996ஆம் ஆண்டு மார்கழிப் பனியில் அவ்வாறு உறங்கியே சளி கண்டு இறந்தார். திண்ணைதான் காரணம் என்று வைத்தியர் சொல்லவில்லை.

பாய்க்கப்பற் காலத்தில் கடலில் இறக்கும் மாலுமியை அவனது படுக்கையிலேயே வைத்துத் தைத்து, காலடியிற் பீரங்கிக் குண்டு இட்டுக் கடலில் இறக்குவர். பாட்டனார் இதனைச் சிறுவர்களான எங்களுக்கு அச்சமுண்டாகும்படி பலமுறை சொல்லியிருக்கின்றார். பாட்டியார் அருகில் இருந்தால் காதைப் பொத்திக்கொள்வார். பாட்டனாரைத் தத்தனேரிக்கு எடுத்துச் செல்லும் வேளையில், அப்பாட்டியாரே என்னை அழைத்து, “பரணில் அது இருக்கிறது, எடு” என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். முடிச்சுகளை அவிழ்க்க எங்கள் எவராலும் முடியவில்லை. பாட்டியார் அரிவாள்மணையைக் கொண்டுவரச் செய்து கயிற்றை அறுத்தார். கித்தானை விரித்து, தாமே அவருக்குக் கீழே இட்டார்.

அதன்பின் ஈராண்டு கழித்து, 1998ஆம் ஆண்டு மாசி மாதத்தில், தூத்துக்குடிக்குச் செல்ல நேர்ந்தது. என்னோடு பயின்ற நண்பர் ஒருவரின் குடும்பத்தார் தோணி வைத்து வாணிகம் செய்பவர். அவர்களுடைய தோணி மாலத்தீவுக்குச் சரக்கேற்றிக்கொண்டு பயணத்திற்குக் காத்திருந்தது. பாயும் எந்திரமும் ஒருங்கே உடைய மரத்தோணி. கப்பலில் ஓரிரவேனும் உறங்கவேண்டும் என்னும் என் பழைய ஆசையை நண்பர் அறிவார். ஆகையால் அன்றிரவு என்னை அதில் ஏற்றிவிட்டார்.

தோணியில் ஆட்கள் 11 பேர். அடித்தளம் முழுதும் வெங்காய மூட்டைகளும் உருளைக்கிழங்கு மூட்டைகளும். மேல்தளத்தில் செங்கல்லும் ஓடும். பின்பக்கத்தில் ஒரு சிறு மர அறை. அதில் நால்வர் கால் மடக்கிப் படுக்கலாம். மற்றோர் மூட்டையின்மேலும் கயிற்றுச் சுருளின்மேலும் கிடந்தனர். தோணித் தலைவரான தண்டல் அறுபது பிராயத்தவர். விருந்தினனாகிய எனக்கு அவர் தம்முடைய இடத்தையே தந்தார். அதனைக் கண்டபோது எனக்குப் பேச்சு எழவில்லை. பழைய மீன்வலையை மூன்றாக மடித்து, இருமுனையையும் கயிற்றாற் பிணைத்து, அறைக்கு வெளியே இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டியிருந்தார். நன்கு குழிந்திருந்தது. அவர் கற்றுக்கொடுக்கு முன்னரே நான் மூலைவாட்டிற் படுத்ததைக் கண்டு, “தம்பிக்குக் கடற்பழக்கம் உண்டோ?” என்றார். மதுரை என்றேன்.

நள்ளிரவுக்குப் பின் வாடைக்காற்று எழுந்தது. நங்கூரத்தில் நின்ற தோணி இருபக்கமும் சாயத் தொடங்கிற்று. மூட்டைமேற் கிடந்தவர்கள் உறக்கத்திலேயே கைநீட்டிக் கயிற்றைப் பற்றிக்கொண்டனர். தகரக்குவளை ஒன்று தளத்தில் இப்புறமும் அப்புறமும் உருண்டது. நான் கண்விழித்து மேலே நோக்கினேன். பாய்மரத்தின் உச்சி விண்மீன்களினூடே ஒரு பெரிய வில்லை வரைந்து வரைந்து திரும்பியது. தளம் என் இடப்பக்கம் எழுந்தது. பின் வலப்பக்கம் எழுந்தது. நானோ அசையவில்லை. வலை தோணியின் நெடுக்குவாட்டில் கட்டப்பட்டிருந்தமையால், தோணி எப்பக்கம் சாயினும் நான் தூக்குநூற் குண்டுபோல் நேர்கீழே நின்றேன். பார்ப்பவர்க்கு நான் ஊசலாடுவதுபோல் தோன்றியிருக்கும். உண்மையில் ஆடியது தோணி. இதே வலையைக் குறுக்குவாட்டிற் கட்டியிருந்தால், ஒருமுறை தலையும் ஒருமுறை காலும் மேலெழ, உறக்கம் ஏது? அதனால்தான் கப்பல்களிலும் நெடுக்குவாட்டிலேயே கட்டுவர். இதெல்லாம் பௌதிகத்தில் மிக எளிய பாடம். பரீட்சையில் இதனை எழுதி மதிப்பெண் பெற்றவன் நான்.

“கட்டில் ஆடுகிறதடா” என்ற சொல் அப்பொழுது என் செவியில் விழுந்தது. 15 ஆண்டுகள் கப்பலில் அசையாத ஒரே இடம் அவருக்கு அந்தக் கித்தானாக இருந்தது. பின்னர் 33 ஆண்டுகள் வீட்டிலும் அதையே பற்றிக்கொண்டார். தரையில் நாலு கால் ஊன்றி நின்ற எப்பொருளும் அவர் உடம்புக்குத் தளத்தைச் சேர்ந்தது, தளமோ சாய்வது. அவர் கட்டிலின் விளிம்பைப் பற்றியிருந்த விதமும், மூட்டைமேற் கிடந்த இந்த மனிதர்கள் கயிற்றைப் பற்றிய விதமும் ஒன்றே. தண்டலிடம் இதைச் சொன்னேன். அவர் சுக்கானருகே அமர்ந்து பீடி பற்றவைத்தவாறு கேட்டுவிட்டு, “பெரியவருக்கு ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருக்கலாமே” என்றார். வேறொன்றும் கூறவில்லை.

இப்படுக்கையைப் பற்றி அதன்பின் கிடைத்ததெல்லாம் படித்தேன். அவற்றுள் ஒன்றை மட்டும் இங்குக் குறிப்பிடுவேன். 1969ஆம் ஆண்டு ஜூலையில் சந்திரனில் இறங்கிய ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் தம் சிறு கலத்தில் படுக்க இடமின்றி அல்லலுற்றனர். ஒருவர் தரையில் முடங்கினார். மற்றவர் எந்திர மூடியின்மேற் சாய்ந்து, ஒரு பட்டையைத் தொங்கவிட்டு அதிற் கால்களை ஏந்திக்கொண்டார். இருவரும் நன்கு உறங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் சென்ற அடுத்த கலத்தில் இரண்டு ஆமாக்குகள் கட்டி அனுப்பப்பட்டன. அது நிகழ்ந்த காலத்தில் பாட்டனார் உயிரோடு இருந்தார்; ஆனால் அச்செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அவர் கோரிப்பாளையம் முழுதும் சொல்லித் திரிந்திருப்பார். போர்க்கப்பல்களிலோ, உலகப் போருக்குப் பின் படிப்படியாக அடுக்குக் கட்டில்கள் புகுந்து கித்தானை வெளியேற்றிவிட்டன.

சென்ற சித்திரைக்குத் திரும்புகின்றேன். 17 பேரில் நால்வருக்கு இடமில்லை என்றேன். கான்கிரீட் சுவரில் துளையிட்டு உள்ளே விரிந்து பற்றும் ஆணி ஒன்று இக்காலத்திற் கிடைக்கின்றது. கடைக்காரர் அதனை ஆங்கர் போல்ட் என்பர், அஃதாவது நங்கூர ஆணி. பிற்பகலிலேயே நான் எட்டு ஆணிகள் வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களில் அறைந்தேன். கித்தான் கடை தெற்கு மாசி வீதியில் இருந்தது; தைக்க நேரமில்லை. மனைவியின் சேலைகளையும் பாட்டனார் கற்பித்த முடிச்சையும் கொண்டு நான்கு படுக்கைகள் கட்டினேன். கயிறுகளை 30 பாகைக்குக் குறையாமல் தாழவிட்டேன்; ஒவ்வொன்றிலும் நானே முதலில் படுத்துப் பார்த்தேன். மனைவி கீழே நின்று, “உங்களுக்கு என்ன வயது?” என்று கேட்டாள். 55 என்று அவள் அறிவாள்.

மூன்று சிறுவர் ஏறிக்கொண்டனர். நான்காவதில் ஏற ஒருவரும் இல்லை. மேலூரிலிருந்து வந்திருந்த என் அத்தை மகன், அன்று கொக்கியைப் பிடுங்கி விழுந்தவர், இன்று 60 கடந்தவர், கையில் தலையணையோடு அதன் அருகே நெடுநேரம் நின்றார். பின் ஒரு கையால் கயிற்றின் சரிவைத் தடவிப் பார்த்து, ஏறி, மூலைவாட்டிற் படுத்தார். நான் விளக்கை அணைத்தேன். சிறிது நேரம் அமைதி. இருளில், மேலேயிருந்து, நாவால் மணியடிக்கும் ஓசை எழுந்தது.